சும்மா கிடைக்கும் ராணி



கண்டியில் மழை பிடித்துவிட்டால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. பாடசாலை விடுமுறையும் சேர்ந்துகொண்டால், கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணை வரை எல்லா வீட்டிலும் ஒரே சத்தம்தான். அந்த நேரத்தில் கைத்தொலைபேசியைக் கொடுத்து வாயை அடைப்பதைவிட, பாயை விரித்து ஒரு சதுரங்கப் பலகையை வைப்பது எவ்வளவோ மேல்.

"சதுரங்கம் ஆடலாமா?" என்று கேட்பீர்கள். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விஷயம் இது. கடுமையாகத் தடுத்தவர்களும் உண்டு. பந்தயம் இல்லாமல், தொழுகை தவறாமல் ஆடினால் மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கூற்று. உங்கள் வீட்டு முடிவு உங்களுடையது. ஆடினால், பாங்கு சொன்னதும் பலகையை அப்படியே விட்டுவிட்டு எழும்பும் பழக்கமும் கூடவே வரவேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். போட்டிக்குப் போன மகள் முகம் வாடித் திரும்பி வருகிறாள். "உம்மா, அவட ராணிய நான்தான் எடுத்தன். அதுக்குப் பொறகு ரெண்டே நகர்வுல தோத்துட்டன்" என்கிறாள். பலகையில் பெரிய காய் ராணி. அதைப் பிடித்தவள் எப்படித் தோற்பாள்? வாங்க, காய்களை அடுக்கிப் பார்ப்போம். உங்கள் கை வெள்ளை, மகள் கறுப்பு.

முதலில் இருவரும் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுங்கள். வெள்ளையின் வலப்பக்கக் குதிரை வெளியே வந்து கறுப்புச் சிப்பாயைக் குறி வைக்கிறது. கறுப்பு, ராணியின் முன்னால் உள்ள சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிக் காவல் போடுகிறது. மூன்றாவதாக, வெள்ளையின் ராஜா பக்கத்து பிஷப் நான்காவது வரிசைக்கு வந்து, கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்து பிஷப்பின் முன் நிற்கும் சிப்பாயைப் பார்த்து நிற்கிறது. கறுப்பின் மற்ற பிஷப் பாய்ந்து வந்து வெள்ளைக் குதிரையை முறைக்கிறது. அந்தக் குதிரைக்குப் பின்னால் வெள்ளை ராணி. குதிரை அசைந்தால் ராணி போய்விடும்.

நான்காவதாக வெள்ளை தன் இரண்டாவது குதிரையையும் வெளியே எடுக்கிறது. கறுப்பு, ராஜா பக்கத்துக் குதிரையின் முன் உள்ள சிப்பாயைச் சும்மா ஒரு கட்டம் தள்ளுகிறது. இப்போது பாருங்கள். அசையக்கூடாத அந்தக் குதிரை துணிந்து பாய்ந்து நடுச் சிப்பாயை வெட்டுகிறது. ராணிக்கு மறைப்பு இல்லை. மகளின் கண் மின்னுகிறது. பிஷப் போய் ராணியை வெட்டுகிறது.

அவ்வளவுதான், முடிந்தது. வெள்ளை பிஷப் தான் பார்த்து நின்ற சிப்பாயை வெட்டி 'செக்' சொல்கிறது. ராஜா அதை வெட்ட முடியாது. குதிரை காவல் நிற்கிறது. போக இருப்பது ஒரே கட்டம், முன்னால் ஒரு அடி. ராஜா அங்கே வந்ததும் இரண்டாவது குதிரை பலகையின் நடுவுக்குப் பாய்கிறது. செக்மேட்! ராணி இல்லாமலே, இரண்டு குதிரையும் ஒரு பிஷப்பும் வேலையை முடித்துவிட்டன.

இந்தப் பொறி 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் வழங்குகிறது. பெயர்பெற்ற ஆட்டக்காரர் பிலிடோருக்கு ஆசான் அவர். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் பிள்ளைகள் இதில் விழுந்துகொண்டே இருக்கிறார்கள்.

கறுப்பு என்ன செய்திருக்க வேண்டும்? ராணியை விட்டுவிட்டு, பாய்ந்து வந்த குதிரையைச் சிப்பாயால் வெட்டியிருக்க வேண்டும். வெள்ளை ராணி பதிலுக்கு பிஷப்பை வெட்டும். கணக்குப் பார்த்தால் கறுப்புக்கு நட்டம் ஒரேயொரு சிப்பாய். ஒரு சிப்பாய் நட்டத்தைப் பொறுக்காத கை, ஆட்டத்தையே பறிகொடுத்தது.

பொறி வைப்பவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. கறுப்பு அந்த வீண் சிப்பாய்க்குப் பதிலாக ராணி பக்கத்துக் குதிரையை முன்னால் கொண்டுவந்திருந்தால், அந்தக் குதிரை பாய்ந்து வந்த வெள்ளைக் குதிரையை வெட்டி, தன் பிஷப்புக்கும் காவலாகிவிடும். வெள்ளைக்கு வீணாக ஒரு குதிரை நட்டம். அடுத்தவர் ஆசைப்படுவார் என்று நம்பி ஆடுவதும் ஒரு பேராசைதான்.

சகோதரிகளே, இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. கண்டிச் சந்தையில் ஒருவர் மாம்பழத்தைப் பாதி விலைக்குத் தந்தால் அப்படியே பையில் போடுவீர்களா? புரட்டி அடியைப் பார்ப்பீர்கள். அதே கண்ணைப் பலகையிலும் வையுங்கள். பெரிய காய் சும்மா கிடைத்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இதை ஏன் விட்டான்? நான் எடுத்தால் எனக்கு 'செக்' வருமா? எடுக்கப் போகும் காய் இப்போது எதற்குக் காவல் நிற்கிறது?

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. பஞ்சாபைச் சேர்ந்த மிர் சுல்தான் கானை அவருடைய எஜமான் சேர் உமர் ஹயாத் கான் 1929இல் லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அதே ஆண்டில் அவர் பிரித்தானியச் சம்பியன் ஆனார். 1932, 1933லும் அவரே. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சம்பியன் கபபிளாங்காவை எதிர்கொண்டார். கபபிளாங்கா இரண்டு கோட்டைகளைக் கொடுத்து சுல்தான் கானின் ராணியைப் பிடித்தார். சுல்தான் கான் பதறவில்லை. தன் கோட்டைகளை ஒன்றுக்கொன்று துணையாக வைத்து, அறுபதுக்கும் மேற்பட்ட நகர்வுகள் பொறுமையாக ஆடி வென்றார். ராணியைப் பிடித்தவர் தோற்றார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் 2024இல் சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது.

அதே எஜமானின் வீட்டில் பாத்திமா என்றொரு பணிப்பெண்ணும் இருந்தார். 1933இல் பிரித்தானியப் பெண்கள் சம்பியன் பட்டத்தை வென்றவர் அவர்தான். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டின் விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அவருடைய தாயார் சுசீலா. அந்த ஆனந்தும் 1988இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் சபாட்டாவிடம் ஆறே நகர்வில் தோற்றார். முந்திய ஆண்டு வேறொரு ஆட்டத்தில் ஒருவர் ஆடித் தப்பிய நகர்வு அது. அதையே இவரும் ஆடினார். சபாட்டாவின் ராணி ஒரு கட்டம் நகர்ந்து குதிரையைக் குறி வைத்தது. குதிரைக்குப் பின்னால் ராஜா, அசைய வழியில்லை. ஆனந்த் அந்த இடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். அதே 1988இல்தான் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னால் ஐந்து முறை உலகச் சம்பியன். ஆறு நகர்வில் தோற்ற அன்று அவர் பலகையை மடித்து வைத்திருந்தால்?

ஆகவே மகள் அழுதுகொண்டு வந்தால் ஏசாதீர்கள். "இனிப் போகத் தேவையில்லை" என்றும் சொல்லாதீர்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "எந்த இடத்துல எடுத்தாய், அடுக்கிக் காட்டு மகள்" என்று கேளுங்கள். தன் கையால் அடுக்கிக் காட்டிய பிழையைப் பிள்ளை லேசில் மறக்காது.

ஒரு சொல் நமக்கும் சேர்த்து. கோப்பை மேல் கண் வைத்து, "ஏன் தோத்தாய்?" என்று பிள்ளையை விரட்டும் பெற்றோரைப் போட்டி மண்டபங்களில் காணலாம். அந்தக் கோப்பையும் சும்மா கிடக்கும் ராணிதான். அதை எடுக்கப்போய், பிள்ளைக்கு ஆட்டத்தின் மேல் இருக்கும் ஆசையையும் நம் மேல் இருக்கும் நம்பிக்கையையும் பறிகொடுத்துவிடாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.