டெக் டிப்ஸ்: பாட்டு பாடுது... பேரு மட்டும் கட்டம் கட்டமா தெரியுதா?

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாச்சு. ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்த கே-டிராமா பாடல்களை அதில் ஏற்றி, ஃபோல்டரைத் திறந்தால்... பாட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக வெறும் கட்டங்கள். வைரஸா, ஃபைல் போச்சா?

பதற வேண்டாம் மக்களே! ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொரிய எழுத்தைக் காட்டும் ஃபான்ட் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டத்துக்கு டெக் உலகம் வைத்திருக்கும் செல்லப்பெயர், ‘டோஃபு’. பார்க்க சோயா பனீர் துண்டு மாதிரியே இருக்கிறதே!

கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தில் அடிப்படை மெய் 14, உயிர் 10 மட்டுமே. ஆனால், மெய், உயிர், தேவைப்பட்டால் அடியில் இன்னொரு மெய் என்று ஒரே சதுரத்துக்குள் அடுக்கி எழுதுவார்கள். இரட்டை எழுத்து, கூட்டெழுத்து எல்லாம் சேர்த்தால் 11,172 அசைகள் வரும்.

1987-ல் தென் கொரியா வகுத்த கம்ப்யூட்டர் தரத்தில் இடம் கிடைத்ததோ 2,350 அசைகளுக்குத்தான். விடுபட்ட அசை தன் பெயரில் இருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொந்தப் பெயரையே கம்ப்யூட்டரில் சரியாக அடிக்க முடியாது! 1996-ல் வெளியான யூனிகோடு 2.0 தான் 11,172 அசைகளுக்கும் இடம் கொடுத்தது.

இடம் கிடைத்தால் போதுமா? எழுத்தை வரைந்து காட்ட ஃபான்ட் வேண்டுமே. 2014-ல் கூகுளும் அடோபியும் சேர்ந்து இலவசமாக வெளியிட்ட ‘நோட்டோ சான்ஸ் சிஜேகே’ அந்த வேலையைச் செய்கிறது. ‘இனி டோஃபு இல்லை’ என்று பொருள்படும் ‘நோ டோஃபு’விலிருந்து வந்ததுதான் ‘நோட்டோ’ என்ற பெயர்.

என்ன செய்யலாம்?

* உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் பேக்கேஜ் மேனேஜரில் ‘ஃபான்ட்ஸ்-நோட்டோ-சிஜேகே’ என்று ஆங்கிலத்தில் தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். திறந்திருக்கும் ஆப்களை மூடித் திறந்தால் கட்டங்கள் காணாமல்போகும்.

* ஃபான்ட் எழுத்தைக் காட்ட மட்டும்தான். கொரிய மொழியில் டைப் செய்ய ‘ஐபஸ்-ஹங்குல்’ தனியாக வேண்டும்.

* கட்டத்துக்குப் பதில் புரியாத ஆங்கிலக் குறிகள் வந்தால், அது ஃபான்ட் பிரச்னை அல்ல, என்கோடிங் பிரச்னை. பழைய சப்டைட்டில் ஃபைல்களில் இது சகஜம். விஎல்சி பிளேயரின் சப்டைட்டில் செட்டிங்ஸில் என்கோடிங்கை ‘கொரியன்’ என மாற்றுங்கள்.

நமக்கு இந்தக் கட்டம் சின்ன எரிச்சல். அதுவே தன் பெயரின் நடுவில் வந்து உட்கார்ந்தால்தான் ஒரு ஃபான்ட்டின் அருமை புரியும்!