முகாம் முடிந்த பிறகு வரும் செய்தி யாருக்கு?

நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகளில் ஒரே மாதிரியான படம் ஒன்று அடிக்கடி வருகிறது. பின்னால் ஃபிளெக்ஸ் பேனர், முன்னால் குத்துவிளக்கு, வரிசையாகப் பிரமுகர்கள், ஓரத்தில் ஒரு முதியவரின் கையைச் சுற்றிய ரத்த அழுத்தக் கருவி. கீழே உள்ள செய்தியில் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என்று பெயர்கள் நீளும். பொதுமக்கள் திரளாக வந்து பயன்பெற்றார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். இலவச மருத்துவ முகாம்களுக்கு உள்ளூர் ஊடகம் தரும் இடத்தில் பெரும்பகுதி இப்படித்தான் செலவாகிறது. அந்தச் செய்தி வாசகர் கைக்கு வரும்போது முகாம் முடிந்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் பக்கத்துத் தெருவில் வாழும் ஒருவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. உடல்நல முகாமைப் பற்றிய செய்தி முகாமுக்கு முன்பே வர வேண்டும். மேடையில் இருப்பவரை விட்டுவிட்டு, வர வேண்டியவரை நோக்கி எழுதப்பட வேண்டும். இதற்கு ஏற்பாட்டாளர்களும் மாற வேண்டும், பத்திரிகைகளும் மாற வேண்டும்.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தொற்றாநோய்கள் பற்றித் தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் மட்டுமே. இந்திய அளவில் இது 1.9 சதவீதம் என்பதால் நாம் முன்னணியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பத்தில் ஒன்பது பெண்கள் பரிசோதனைக்கே போகவில்லை என்பதும் அதே கணக்குதான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சோதனை இலவசம். இருந்தும் மக்கள் வருவதில்லை என்பதால்தான் 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே போகத் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கோ தொடக்கநிலைச் சர்க்கரைக்கோ வலி கிடையாது. வலி இல்லாதவர் முகாம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு வரமாட்டார். செய்திதான் அவரைத் தேடிப் போக வேண்டும்.

முன்கூட்டியே வரும் செய்திக்கு ஆட்களைக் கூட்டும் சக்தி உண்டா? போலியோ சொட்டு மருந்து முகாம்களை நினைத்துப் பாருங்கள். 1995-ல் தேசிய அளவில் அவை தொடங்கிய பிறகு, எந்த ஞாயிற்றுக்கிழமை, எத்தனை வயதுக் குழந்தைக்கு, எங்கே என்ற மூன்று தகவலும் நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, ஆட்டோ ஒலிபெருக்கி என எல்லா வழியிலும் முகாம் நாளுக்கு முன்பே வீடுகளை எட்டின. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் நோய்வாய்ப்பட்டார். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. அந்த வெற்றிக்கு வீடு வீடாக நடந்த பணியாளர்களே முதல் காரணம், ஆனால் அவர்கள் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் செய்தி முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. இங்கிலாந்தில் ஜேட் கூடி என்ற தொலைக்காட்சிப் பிரபலம் கருப்பைவாய்ப் புற்றுநோயால் 2009-ல் இறந்தார். அவரது நோய் பற்றிய செய்திகள் வெளியான 2008-2009 காலத்தில், அந்நாட்டில் பரிசோதனைக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஐந்து லட்சம் அதிகம். பிறகு அந்த வேகம் தணிந்துவிட்டது. ஊடகத்தின் குரல் பலிக்கும், ஆனால் ஒருமுறை ஒலித்து ஓய்ந்தால் போதாது என்பதை இரண்டு அனுபவங்களும் சேர்ந்தே காட்டுகின்றன.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, தெரிந்தும் மக்கள் வருவதில்லையே என்பது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் முகாம்கள் பற்றி நடந்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், பார்வைக் குறையால் முகாமுக்குப் போயிருக்க வேண்டியவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேரே போயிருந்தார்கள். அறுவைச் சிகிச்சை பற்றிய பயம், செலவு, வீட்டுப் பொறுப்புகள், வயதான காலத்தில் பார்வை எதற்கு என்ற மனப்போக்கு, இருக்கிற பார்வையை வைத்தே ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் ஆகியவையே மற்றவர்களைத் தடுத்தன. இந்தத் தடைகளில் பாதிக்குமேல் சரியான தகவலால் குறையக்கூடியவை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதை முன்பே புரிந்துகொண்ட நிறுவனம். அதன் முகாம்களில் உள்ளூர் அமைப்பு ஒன்று விளம்பரப் பொறுப்பை ஏற்கும். அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்களை மருத்துவமனையே பேருந்தில் அழைத்துப்போய், உணவும் தங்குமிடமும் தந்து, திருப்பிக் கொண்டுவந்து விடும். முகாமுக்குப் போனால் என்ன செய்வார்கள், யார் கூட்டிப்போவார்கள், எப்போது வீடு திரும்பலாம் என்ற கேள்விகளுக்குப் பதில் இருந்தால்தான் ஒரு முதியவர் வாசற்படி தாண்டுவார். விளம்பரம் மட்டும் போதாது என்பது உண்மை. அந்தப் பதில்கள் இல்லாத விளம்பரம் விளம்பரமே அல்ல என்பதும் உண்மை.

ஆகவே பத்திரிகைக்குப் போகும் பிரஸ் நோட்டில் என்ன இருக்கிறது என்பது மிக முக்கியம். இப்போது பாதிப் பக்கத்தைச் சிறப்பு விருந்தினர்களின் பட்டங்களும் பதவிகளும் விழுங்கிவிடுகின்றன. தேதி, நேரம், இடம், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எந்த நோய்க்கான சோதனை, யார் வர வேண்டும், கட்டணம் உண்டா என்பவை முதல் நான்கு வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். சர்க்கரைச் சோதனை என்றால் வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று சொல்ல வேண்டும். கருப்பைவாய், மார்பகச் சோதனை என்றால் பெண் மருத்துவர் இருப்பார், தனி அறை உண்டு என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே வரத் துணியும் பெண்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துவரச் சொல்ல வேண்டும். நோய் தெரிந்தால் அடுத்து எங்கே அனுப்புவோம் என்பதை மறைக்கக் கூடாது. இத்தனையும் ஒரே பக்கத்தில், நல்ல தமிழில், விளக்கம் கேட்டால் எடுத்துப் பேசும் ஒருவரின் கைபேசி எண்ணோடு, ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகத் தாலுகா நிருபருக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் போக வேண்டும். மறுநாள் இதழின் உள்ளூர்ப் பக்கங்கள் மாலைக்குமேல் முடிந்துவிடும். முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழை அனுப்பிவிட்டுச் செய்தி வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

இனி பத்திரிகைகளின் தரப்பு. ஒரு முகாம் அறிவிப்பு எப்படிச் செய்தியாகும் என்று கேட்பார்கள். தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளூரைடால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். நீலகிரியின் பழங்குடிகளிடையே அரிவாள் செல் சோகை இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலும் உப்பும் தொழிலாளரின் கண்ணையும் தோலையும் வாட்டுகின்றன. இந்த ஊர்களில் நடக்கும் முகாமைப் பற்றிய செய்தி அந்த ஊரின் நோயைப் பற்றிய செய்தியாகவே எழுதப்படலாம். இந்த நோய் ஏன் இங்கே, அறிகுறி என்ன, ஞாயிற்றுக்கிழமை எங்கே சோதனை என்று ஓர் இளம் நிருபர் எழுதிக்கொடுத்தால் அது மாநிலப் பக்கத்துக்கும் தகுதியானது. அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரின் விளக்கத்தைச் சேர்ப்பது ஏற்பாட்டாளர்களின் வேலை. அதற்கு இடம் தருவது ஆசிரியர் குழுவின் வேலை.

இலவச முகாம் என்ற பெயரில் தனியார் மருத்துவமனைகள் ஆள் பிடிக்கின்றன, அதற்குப் பத்திரிகை ஏன் துணைபோக வேண்டும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. நோயாளிகளைத் தேடி விளம்பரம் செய்வது தவறு என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் இந்த ஆபத்து இப்போதைய படச் செய்தியில்தான் அதிகம். மருத்துவமனையின் பேனர் தெளிவாகத் தெரிய, சோதனையின் விவரம் மட்டும் இல்லாமல் அது அச்சாகிறது. முன்னறிவிப்பை வெளியிடும் முன், மேல்சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைக்கும் அனுப்புவீர்களா, மருந்து விற்பீர்களா என்று நிருபர் இரண்டு கேள்வி கேட்டாலே போதும், பல முகாம்களின் நோக்கம் வெளிப்பட்டுவிடும். மழுப்புகிறவர்களுக்கு இடம் தராமல் விட்டுவிடலாம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது நாளிதழ் எதற்கு என்பவர்கள், ஆண்டு குறிப்பிடாத பழைய முகாம் அறிவிப்புகள் குழுக்களில் இன்றும் சுற்றுவதைக் கவனிக்க வேண்டும். நாளிதழில் தேதி இருக்கிறது. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல ஒரு முகவரியும் இருக்கிறது. டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் அதைப் படிப்பவர்களில் பலர் எந்தச் சுகாதாரக் குழுவிலும் இல்லாதவர்கள்.

முகாம் முடிந்தபின் செய்தியே வேண்டாம் என்பதல்ல. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குப் புதிதாக நோய் தெரிந்தது, அவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள், ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அடுத்த முகாமுக்கு அதைவிட நம்பகமான அழைப்பு கிடையாது. அரிமா சங்கம், ரோட்டரி, ரசிகர் மன்றம், ஜமாத், தேவாலயம், கோயில் கமிட்டி என்று முகாம் நடத்தும் எல்லோருக்கும் என் வேண்டுகோள்: விருந்தினர் பட்டியலைத் தயாரிக்கும் முன் பிரஸ் நோட்டைத் தயாரியுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாவட்டப் பக்கத்தில் வாரத்துக்கு ஒருநாள், வரப்போகும் முகாம்களுக்கென்று கட்டணமில்லாமல் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.