விளையாட்டுக் கருவியா, ஆயுதமா?
காஸ் துப்பாக்கியின் பழுதும் திருத்தமும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வருவோர், பலூன் சுடும் கடையைப் பார்த்திருப்பார்கள். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். எதிரே ஒரு காற்றுத் துப்பாக்கி. பையன்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்க்கிறார்கள். பலூன் வெடித்தால் சிரிப்பு. தவறினால் துப்பாக்கிக்குத் திட்டு! அந்தக் கடற்கரைக்குப் பெயர் தந்த எட்வர்டு எலியட், வெள்ளைக்காரர் காலத்தில் சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் அதிகாரியாகவும் இருந்தவர். துப்பாக்கிச் சத்தம் அங்கே இன்று வேடிக்கையாகிவிட்டது.

ஆனால் பலூன் கடைத் துப்பாக்கிக்கு நெருங்கிய உறவினன் ஒருவன் இருக்கிறான். அவன் வேடிக்கைக்கு மட்டும் உரியவன் அல்லன். அவன்தான் காஸ் கைத்துப்பாக்கி. 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலம் வென்றார். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்புப் பிரிவில் இன்னொரு வெண்கலம். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் பெற்ற முதல் வீரர் அவரே. அந்த வெற்றியைக் கண்டு தாமும் ஒன்று வாங்கிச் சுட்டுப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் உண்டு. வாங்குவது எளிது. வாங்கியபின் அதை எப்படிப் பேணுவது, அதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் கேள்வி.

உள்ளே இருப்பது சோடா காஸ்

மூன்று வகைத் துப்பாக்கிகள் உண்டு. பலூன் கடையில் இருப்பது ஸ்பிரிங்கின் விசையால் காற்றை அமுக்கிக் குண்டைத் தள்ளுவது. பந்தய வீரர்கள் கையில் இருப்பது, ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்த குழாய் பொருத்தியது. பொழுதுபோக்குக்காக வாங்கும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை மூன்றாவது ரகம். விரல் அளவுள்ள எஃகுக் குப்பியில் 12 கிராம் கரியமில வாயுவை வைத்திருப்பவை. கோலி சோடாவில் அடைக்கிறார்களே, அதே காஸ்தான்!

சோடா காஸ்தானே என்று அலட்சியம் கூடாது. கார் டயரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 பவுண்டு அழுத்தம். இந்தச் சின்னக் குப்பியிலோ, 20 டிகிரி வெப்பத்திலேயே 800 பவுண்டுக்கு மேல்! அதற்குமேல் வெப்பம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். 31 டிகிரியைத் தொட்டால் 1,000 பவுண்டைத் தாண்டிவிடும். சென்னைவாசிகளுக்கு 31 டிகிரி என்பது காலை வெயில். அக்கினி நட்சத்திர நாட்களைச் சொல்லவே வேண்டாம். கதவடைத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் குப்பியை விட்டுச் செல்வது விபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

எங்கே பழுது?

காஸ் துப்பாக்கிக்கு வரும் நோய்களில் முதலாவது கசிவு. புதுக் குப்பி போட்டதும் ‘உஸ்’ என்று சத்தம் வந்தால், அல்லது பத்துப் பதினைந்து குண்டுக்குள் வேகம் குறைந்துவிட்டால், பெரும்பாலும் குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் வளையம். காய்ந்து வெடித்திருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடுகிறார் அல்லவா? இங்கே சோப்பு நீரைக் குப்பி பொருந்தும் இடத்தில் லேசாகத் தடவினால் போதும். குமிழி கிளம்பும் இடமே கசியும் இடம். அந்த வளையத்தை மாற்றினால் நோய் தீர்ந்தது.

கசிவு வராமல் தடுப்பது இன்னும் எளிது. புதுக் குப்பியின் கழுத்தில் ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் வைத்தால் வளையம் காயாது. வீட்டில் தையல் மிஷினுக்கும் கதவுக் கீலுக்கும் விடும் எண்ணெயை இங்கே விடலாகாது. சில வகை ரப்பரை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும். நாள் கணக்கில் குப்பியை உள்ளேயே விட்டுவைப்பதும் தவறு. வளையம் எப்போதும் அழுத்தத்தில் இருந்தால் சீக்கிரம் தளர்ந்துபோகும்.

இரண்டாவது நோய், நோயே அல்லாத நோய். வேகமாகத் தொடர்ந்து சுட்டால் குண்டின் வேகம் குறைகிறது, குறி தாழ்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பலர் திருகாணியைக் கையில் எடுக்கிறார்கள். உண்மையில், காஸ் விரிந்து வெளியேறும்போது துப்பாக்கி குளிர்ந்துபோகிறது. குளிர்ந்தால் அழுத்தம் இறங்குகிறது. சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் தானே சரியாகிவிடும்.

மூன்றாவது, கடலோரத்துக்கே உரிய நோய்: உப்புக் காற்று. பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதை அங்கே குடியிருப்போர் அறிவர். துப்பாக்கிக்கும் அதே கதிதான். சுட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்து, ஈரமில்லாத பெட்டியில் வைக்க வேண்டும். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உணவைத் தொடக்கூடாது. ஈயம் உடலுக்கு நஞ்சு.

எல்லாவற்றுக்கும் முதலாவதாக ஒரு விதி: துப்பாக்கியைத் திறக்குமுன் குண்டையும் காஸையும் வெளியேற்ற வேண்டும். அழுத்தம் உள்ளே இருக்கும்போது மரையைத் திருகுபவர், வெடிக்கப்போகும் குக்கரைத் திறப்பவருக்குச் சமம். காஸ் தீர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் துப்பாக்கியின் வாய் ஆளை நோக்கி இருக்கக்கூடாது.

இரண்டு புள்ளியில் போன பதக்கம்

பராமரிப்பின் அருமையை உலகறியச் செய்த நாள் 2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே மனு பாக்கர் தகுதிச் சுற்றில் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தார். 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். நடுவில் கைத்துப்பாக்கி பழுதாகிவிட்டது. குண்டு போடத் திறந்து மூடும் நெம்புகோல் உடைந்தது. களத்தைவிட்டு வெளியே வந்து பழுது பார்ப்பதற்குள் விலைமதிக்க முடியாத நிமிடங்கள் பறந்தன. மீதமிருந்த நேரத்தில் அவசரம் அவசரமாகச் சுட வேண்டியதாயிற்று. பெற்ற புள்ளி 575. இடம் 12. இறுதிச் சுற்றுக்குத் தேவையாயிருந்தது 577. இரண்டே புள்ளி!

உலகத் தரமான துப்பாக்கி, தேர்ந்த பயிற்சியாளர், ஒலிம்பிக் அரங்கு — இத்தனையும் இருந்தும் ஒரு சிறு பாகம் காலை வாரிவிட்டது. மூன்று ஆண்டு கழித்து பாரிசில் அவர் அடைந்த வெற்றி, அந்த நாளின் கசப்பைத் துடைத்தது. பந்தய உலகில் இதைப் பற்றிக் கடுமையான ஒழுங்கு உண்டு. காற்றுக் குழாய்களுக்குக் கூட ஆயுள் குறிக்கப்பட்டிருக்கிறது. அதிகபட்சம் 10 ஆண்டு. ஆயுள் முடிந்த குழாயுடன் களத்தில் இறங்கக்கூடாது என்பது சர்வதேச விதி.

திருத்தமா, மாற்றமா?

இதுவரை சொன்னது திருத்தம். இனிச் சொல்வது மாற்றம். இரண்டும் ஒன்றல்ல.

கெட்டுப்போன வளையத்துக்குப் பதில் அதே அளவு வளையம் போடுவது திருத்தம். “வேகம் போதாது” என்று வால்வையும் ஸ்பிரிங்கையும் குழாயையும் மாற்றி வலுவேற்றுவது மாற்றம். அப்படி மாற்றிய துப்பாக்கியில் பழுது கண்டுபிடிப்பதே கஷ்டம். ஒரு பாகத்தின் பலத்தைக் கூட்டினால், மற்ற பாகங்கள் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டுமே! தொழிற்சாலை கணக்கிட்ட பாரம் ஒன்று; வீட்டில் ஏற்றிய பாரம் வேறு. விசைக்கொக்கி தேய்ந்து, தொடாமலே வெடிக்கும் நிலை வரலாம். மாற்றிய துப்பாக்கி ஓயாமல் கசிந்தால், அதை மேலும் மாற்றுவது பரிகாரம் அல்ல. பழைய பாகங்களைத் திரும்பப் பொருத்துவதே பரிகாரம்.

இதில் சட்டமும் குறுக்கே வருகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வெடிமருந்தால் மட்டுமின்றி வேறு எவ்வகைச் சக்தியால் குண்டு எறியும் கருவியையும் துப்பாக்கி என்றே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஒரு கோடு கிழித்தன. குழாயின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டாலும், குண்டின் சக்தி 20 ஜூலுக்கு மேற்பட்டாலும் லைசென்ஸ் வேண்டும். அதற்குள் அடங்கினால் வேண்டாம்.

20 ஜூல் என்பது எவ்வளவு? அரைக் கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 283 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் 20 ஜூல். ஒலிம்பிக் கைத்துப்பாக்கியின் வேகம் 150 மீட்டர் அளவு. சக்தி 6 ஜூலுக்கும் குறைவு. உலகப் பதக்கம் வெல்ல அதுவே போதுமாக இருக்கிறது! ஆகவே “குறி சரியாக விழ வேகத்தைக் கூட்டினேன்” என்ற சமாதானம் நிற்காது. வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். 150 மீட்டரை 300 ஆக்கியவர் கோட்டைத் தாண்டிவிட்டார். நேற்று லைசென்ஸ் தேவைப்படாத பொருள், இன்று லைசென்ஸ் இல்லாத ஆயுதம். ஒரு ரகத் துப்பாக்கியை வேறு ரகமாக மாற்றுவதையே லைசென்ஸ் இன்றிச் செய்யக்கூடாது என்று 2019-இல் வந்த திருத்தச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. மீறினால் சிறை.

வெளியே நடப்பது

நம் நாட்டு வரம்பு கடுமையானதா? ஜெர்மனியில் தடையின்றி வாங்கக்கூடிய காற்றுத் துப்பாக்கியின் எல்லை 7.5 ஜூல். பிரிட்டனில் கைத்துப்பாக்கிக்கு ஏறத்தாழ 8 ஜூல். அந்நாட்டில் காஸைத் தோட்டாவிலேயே அடைத்துச் சுடும் ஒரு ரகம் இருந்தது. குற்றவாளிகள் அதை உண்மைத் தோட்டா சுடும்படி மாற்றத் தொடங்கினார்கள். முடிவு? 2003-இல் சட்டம் இயற்றி அந்த ரகத்துக்கே கதவடைத்தது பிரிட்டன். மாற்றியவர் சிலர், இழந்தவர் எல்லோரும்.

அருணாசலப் பிரதேசத்தில் வேறு விதமான பாடம். அங்கே காற்றுத் துப்பாக்கியால் பறவைகளைச் சுடுவது நெடுநாள் வழக்கம். காடுகள் மௌனமாகி வருவதைக் கண்ட மாநில அரசு, 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் மாவட்டத்து லும்டுங் கிராமத்தில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. துப்பாக்கியை மனமுவந்து ஒப்படையுங்கள் என்பதே வேண்டுகோள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரமதரும் வானொலி உரையில் இதைப் பாராட்டினார்.

பெசன்ட் நகருக்கும் இது பொருந்தும். பக்கத்திலேயே அடையாறு முகத்துவாரமும் பிரம்மஞான சங்கத்து மரத்தோப்பும் இருக்கின்றன. பறவைகளுக்கு இந்த நகரம் விட்டுவைத்திருக்கும் இடங்களில் அவை முக்கியமானவை. மொட்டைமாடியிலிருந்து குறி பார்ப்பவருக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நினைவிருக்க வேண்டும். மனிதர் கண்ணுக்கு வரும் ஆபத்தோ, சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஃகுக் குண்டு சுவரில் பட்டால் திரும்பி வரும். எந்த டாக்டராலும் போன கண்ணைத் திருப்பித் தர முடியாது.

செய்ய வேண்டியது

சுடும் ஆசை தவறல்ல. அதற்கு இடமுண்டு, குரு உண்டு. தமிழ்நாட்டில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமாரே வரிசையில் நின்று சுட்டுப் பதக்கம் வாங்கினார். அங்கே பயிற்சி பெறுபவருக்குத் துப்பாக்கியைப் பேணும் முறையும் சேர்ந்தே கிடைக்கும்.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பெட்டியின்மேல் “லைசென்ஸ் தேவையில்லை” என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், “மாற்றினால் குற்றம்” என்பதையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். பழுது பார்க்கும் விவரமும் உதிரி வளையமும் பெட்டியிலேயே இருந்தால், வாங்குபவன் தானாகத் துழாவ மாட்டான். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே: துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டும் குப்பியும் வேறு பூட்டில்.

ரப்பர் வளையத்தை மாற்றுகிறவன் தன் துப்பாக்கியைக் காப்பாற்றுகிறான். அதன் சக்தியை மாற்றுகிறவன் தன்னையும் அக்கம்பக்கத்தாரையும் ஆபத்தில் தள்ளுகிறான். திருகாணியைக் கையில் எடுக்குமுன், இரண்டில் எதைச் செய்யப் போகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.