'நன்றாக இருக்கிறது' என்பது பதிலாகாது

சாரல் காலத்தில் குற்றாலம் வருவோர் அருவியில் தலையைக் கொடுத்து நிற்பதோடு சரி. அதன் ஓசையைக் கேட்பவர் அரிது. கேட்ட ஒருவரைச் சென்ற ஆடியில் கண்டேன். முன்பு என்னிடம் தமிழ் பயின்ற மாணவர். விடியற்காலையில் பேரருவியின் இரைச்சலைக் கைப்பேசியில் பதிவு செய்து, கணினியில் ஏற்றி, அதன்மேல் மின்னணுத் தாளத்தையும் ஒரு குரலையும் அடுக்கி நான்கு நிமிட இசை ஒன்றை அமைத்திருந்தார். இயர்போனை என்னிடம் நீட்டிவிட்டு அருகில் நின்றார். கேட்டு முடித்து, 'நன்றாக இருக்கிறது தம்பி' என்றேன்.

அவர் முகம் மலரவில்லை. "எல்லாரும் அதத்தான்யா சொல்லுதாவ. எது நல்லா இல்லன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ" என்றார். இதற்கு முன் செய்த ஒன்றை, இசையறிந்த பெரியவர் ஒருவர் 'இதெல்லாம் இசையா?' என்று கேட்டதால் அழித்தேவிட்டாராம். இரண்டாண்டு உழைப்புக்கு அவர் பெற்ற மதிப்புரை இவ்விரண்டு வாசகங்கள்தாம். ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று இகழ்ச்சி. இரண்டைக் கொண்டும் அவரால் ஒரு நொடி இசையைக்கூடத் திருத்திக்கொள்ள இயலாது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நாகசுரம் பயிலும் பிள்ளைக்குக் குரு இருக்கிறார். சுருதி விலகினால் அக்கணமே அவர் முகம் சுளிக்கும். தாளம் தவறினால் அருகில் இருக்கும் தவில்காரர் காட்டிக்கொடுப்பார். கணினியில் இசை செய்பவனோ தனியறையில், தன் செவி ஒன்றையே துணையாகக் கொண்டு இயங்குகிறான். ஒரே துண்டை நூறு முறை கேட்ட செவி மரத்துப்போகிறது. அவனுக்கு முதற் சபையும் முதற் குருவும் நாம் சொல்லும் கருத்துத்தான். அந்த இடத்தில் நின்றுகொண்டு 'நன்றாக இருக்கிறது' என்று தப்பித்துக்கொள்வது பண்பாகுமா?

நிற்க. கேட்பது எப்படி என்று குற்றாலத்துக்காரனுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் இது. ஒரு பாட்டை மெல்ல, மீண்டும் மீண்டும் சொல்லி, இன்ன சொல்லில் இன்ன உணர்ச்சி நிற்கிறது என்று விரல்வைத்துக் காட்டியவர் அவர். அவருடைய வட்டத்தொட்டியில் ரசனை என்பது இடஞ்சுட்டிப் பேசுவதாக இருந்தது. பொத்தாம்பொதுவான பாராட்டுக்கு அங்கு மதிப்பில்லை.

இடஞ்சுட்டிய பிறகு பிழைக்குப் பெயர் வேண்டும். அதற்கும் நம்மிடம் பஞ்சமில்லை. பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்பன அவற்றுட் சில. இவற்றுள் எதுவும் 'மோசம்' என்று பொதுவாகச் சொல்லவில்லை; ஒவ்வொன்றும் என்ன நேர்ந்தது என்று சொல்கிறது. அவற்றையடுத்தே பத்து அழகுகளையும் அவர் எண்ணிச் சொல்லியிருப்பது நாம் மறக்கக்கூடாதது.

மறுநாள் மாணவரை வரவழைத்து, தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து மீண்டும் கேட்டேன். முதலில், இதில் நீ கேட்க வைக்க விரும்பியது எது என்று வினவினேன். 'அருவிக்குள்ள நின்னு ஒருத்தர் கூப்பிடுத மாதிரி இருக்கணும்யா' என்றார். பிறகு குறித்ததைப் படித்தேன். தொடக்கத்து அரை நிமிடத்தில் அருவி தொலைவிலிருந்து நெருங்கி வருவது அழகு. இரண்டாம் நிமிடத்தில் குரல் தொடங்கியதும் சொற்கள் கேட்கவில்லை, மிகைபடக் கூறல். கடைசி நிமிடம் முடிவு தெரியாமல் ஓய்கிறது. சென்று தேய்ந்து இறுதல். அடித்தாளமும் பேஸும் ஒன்றையொன்று மூடுகின்றன. இயர்போனில் கேட்கும் பேஸ் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் காணாமற்போகிறது.

காரணத்தை நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. அவரே கண்டுபிடித்தார். அருவியோசை தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை பரவி நிற்கும் இரைச்சலாம். குரலின் மெய்யெழுத்துத் தெளிவு பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால், அப்பகுதியில் அருவியை ஈக்வலைசரால் தணித்தால் குரல் தானே மேலெழும் என்றார். நோயாளி வலிக்கும் இடத்தைச் சொல்ல, மருத்துவர் காரணம் காண்பது போன்றதுதான் இது. வலியைச் சரியாகச் சொல்வதே கேட்பவன் கடமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. சரண்ஜித் சிங் 1982-இல் ராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளில் டிஸ்கோ தாளத்தோடு இணைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதைப் பொருட்படுத்தியவர் மிகக் குறைவு. 2010-இல் மறுபதிப்பு வந்தபோதுதான், இது ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகைக்கு முன்னோடியோ என்று உலகம் வியந்தது. பழகிய அளவுகோலால் மட்டும் அளப்பவன் புதியதைக் குற்றமென்றே காண்பான்.

டி.கே.சி.யும் இதற்கு விலக்கல்லர். கம்பன் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று தள்ளி, சிலவற்றின் சொற்களையும் தம் செவிக்கு ஏற்றபடி மாற்றினார். அவர் ரசனையை வணங்கும் எனக்கும் அது உடன்பாடன்று. பிழையைச் சுட்டுவது வேறு, பிறர் ஆக்கத்தை நம்முடையதாக மாற்றி எழுதுவது வேறு.

நானும் அந்தப் பிழையைச் செய்யவிருந்தேன். ஒரே தாளத்துண்டு திரும்பத் திரும்ப வருவதைக் 'கூறியது கூறல்' என்று குறித்து, குறைத்துவிடு என்றேன். மாணவர் தலை சொறிந்தபடி, "அடுக்குத்தொடர்னு நீங்கதானய்யா நடத்துனீங்க?" என்றார். உண்மைதான். இசை நிறைப்பதற்காக ஒரு சொல்லை நான்கு முறை வரை அடுக்கலாம் என்று அதே நன்னூல்தான் விதிக்கிறது. அக்குறிப்பை என் தாளில் நானே அடித்துவிட்டேன்.

பத்து நாளில் திருத்திய வடிவம் வந்தது. உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும் என்பதால், பழையதையும் புதியதையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்கச் சொன்னார். இரண்டாம் நிமிடத்தில் அருவி சற்றே விலகி வழிவிட, அந்தக் குரல் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. முடிவு இன்னும் தேய்ந்துதான் இறுகிறது. அதையும் சொன்னேன். இம்முறை அவர் முகம் மலர்ந்தது.