விண்மீன்களை நோக்கும் பிள்ளைகள்



 இவ்வாரத் தியானப் பகுதி: சங்கீதம் 8.

கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் நம் சபையார் சிலர் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டனர். மே மாதத்தில் நம் வாலிபப் பிள்ளைகள் கொடைக்கானலுக்குச் செல்லும் கோடை முகாமுக்கு இவ்வாண்டும் காணிக்கை சேர்க்க வேண்டுமா என்பது முதல் கேள்வி. சென்ற ஆண்டு முகாமில் ஓர் இரவு விண்வெளிக் கதைத் தொடர் ஒன்றைத் திரையில் காட்டினார்களே, அதற்காகவா நாம் பணம் கொடுக்கிறோம் என்பது இரண்டாவது. கேட்டவர்கள் பிள்ளைகள்மேல் உள்ள கரிசனையினால் கேட்டார்கள். ஆகவே மறைக்காமல் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மை. அத்தகைய தொடர்களை நானும் விரும்பிப் பார்ப்பவன். எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்ததை உங்களில் என் வயதினர் மறந்திருக்கமாட்டீர்கள். கதை நிகழும் ஆண்டு 2021. அந்த நாட்டில் மனிதரின் பெயர்கள் இரண்டு எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். மக்கள் அனைவரும் போற்றி வணங்கும் ஜீவா என்னும் தலைவரோ, இறுதியில் உயிரற்ற வெறும் ஒளியுருவம் என்று தெரியவருகிறது. தானியேல் 3ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலைக்கு முன் தேசமே பணிந்து நின்றதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வருகிறது. எதை வணங்குகிறோம் என்று கேட்கத் தூண்டும் கதையை வீண் பொழுதுபோக்கு என்று நான் தள்ளிவிடமாட்டேன்.

இன்னொரு போதகரின் வீட்டையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு 'ஸ்டார் ட்ரெக்' தொடர் தொடங்கியது. அதில் விண்கலத்தின் அதிகாரிகளுள் ஒருவராக நடித்தவர் நிஷெல் நிக்கோல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. அவர் தொடரைவிட்டு விலக எண்ணியபோது, வேண்டாம் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங் அவர்கள். தம் பிள்ளைகள் கண்விழித்திருந்து பார்க்கத் தாமும் மனைவியும் அனுமதித்த ஒரே தொடர் அதுவே என்று கிங் கூறியதாக நிக்கோல்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தக் கதாபாத்திரத்தைக் கண்டு வளர்ந்த மே ஜெமிசன், 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். பிள்ளைகள் தங்களை எந்த இடத்தில் கண்டு வளர்கிறார்கள் என்பது சிறிய காரியமல்ல என்பதை அந்தப் போதகர் அறிந்திருந்தார்.

எல்லாத் தொடர்களும் நல்லவை என்று நான் சொல்லவில்லை. இரத்தத்தையும் இச்சையையும் விற்பவையும் உண்டு. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பற்றிக்கொள்ளும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். ஆனால் சோதித்துப் பார்ப்பதைப் பிள்ளை தனியே, போர்வைக்குள், கைபேசி வெளிச்சத்தில் கற்றுக்கொள்ள முடியாது. உடனிருந்து பார்த்து, உடனிருந்து பேச ஒருவர் வேண்டும்.

இதைச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் என்னிடம் வந்து, "ஐயா, வேறு உலகத்திலும் உயிர்கள் இருந்தால் இயேசு அவர்களுக்காகவும் மரித்தாரா?" என்று கேட்டான். நான் வேலை அவசரத்தில், "இப்படியெல்லாம் கேட்கக்கூடாது தம்பி, வேதத்தை வாசி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இறையியல் கல்லூரியில் பயின்ற எனக்குக் கொலோசெயர் முதலாம் அதிகாரம் தெரியாமல் இல்லை. காணப்படுகிறவைகளும் காணப்படாதவைகளும் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டன என்பதிலிருந்து அவனோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். அவன் மறுபடி எந்தக் கேள்வியோடும் வரவில்லை. சில ஆண்டுகளில் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டான்.

சென்ற ஆண்டு முகாமில் அந்தத் தொடர் முடிந்தபின் ஏறக்குறைய அதே கேள்வியை நம் சபைச் சிறுமி ஒருத்தி கேட்டாள். யாரும் அவளை அடக்கவில்லை. பிள்ளைகள் வெளியே வந்து, மலைக்குளிரில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். சங்கீதம் 8 வாசிக்கப்பட்டது. மனிதனை நினைப்பதற்கு அவன் எம்மாத்திரம் என்று தாவீது வியந்ததை அவர்கள் அன்று மனப்பாட வசனமாக அல்ல, தங்கள் சொந்தக் கேள்வியாகக் கேட்டார்கள். பாத்திரம் கழுவுவதும், பாட்டுப் பாடுவதும், கைபேசியின்றி ஐந்து நாள் ஒருவரோடொருவர் வாழ்வதும் முகாமின் நன்மைகளே. ஆயினும் பயமின்றிக் கேள்வி கேட்க ஓர் இடம் கிடைப்பதே அதன் பெரிய நன்மை என்பேன்.

பெற்றோரே, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்களே, நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார், தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடினார். நாம் அனுப்புவது போருக்கல்ல. அவர்களை அன்போடு காக்கும் மூத்தோர் நடுவே, ஐந்து நாளுக்கு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இம்மாதம் உங்கள் வீட்டில் கேபிள் இணைப்புக்கும் கைபேசி ரீசார்ஜுக்கும் ஆகும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். அதே தொகையை ஒருமுறை முகாம் காணிக்கை உறையில் இடுங்கள். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளும் நம் நடுவில் உண்டு. பணத்தை முன்னிட்டு ஒருவரும் கீழே நின்றுவிடக்கூடாது. மேலும், இவ்வாரம் ஒரு மாலை உங்கள் பிள்ளை விரும்பும் தொடரை அருகே அமர்ந்து பாருங்கள். முடிந்ததும் கண்டிக்காமல், "உனக்கு இதில் எது பிடித்தது?" என்று கேளுங்கள்.

ஜெபம்: வானங்களை உம் விரல்களின் கிரியையாக ஏற்படுத்திய ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்குச் செவிகொடுக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். நாங்கள் திருப்பி அனுப்பியவர்களை நீர் திரும்ப அழைத்து வாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்,
ஒக்கூர்