கைப்பிடியும் கணக்கேடும்

ஈகைக்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. செத்தும் கொடுத்த சீதக்காதியைப் போற்றும் நாம், நாள்தோறும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை அறத்திற்கென எடுத்துவைத்த பாட்டியரை மறந்துவிடுகிறோம்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர் பலர்க்குச் சனிக்கிழமைதோறும் கூலி கிடைக்கிறது. அன்று ஒருவர் 10 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 520 ரூபாய். நூறு பேர் ஒதுக்கினால் 52,000 ரூபாய். தொழிலகத்தார் அவ்வளவே சேர்த்தால் அது இரட்டிக்கும். ரமலானில் மட்டும் நிறையும் உண்டியலால், ஏனைய பதினொரு மாதங்களில் நோயுறும் ஏழைக்கு என்ன பயன்?

நிதி திரட்டவும் நம் மரபிலேயே வழியுண்டு. 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபின், திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து நடத்தி நிவாரண நிதி திரட்டியது. மொய்யின் உயிர் விருந்தில் இல்லை. மொய் நோட்டில் இருக்கிறது. அதுபோல அறநிலையங்களும் வரவு செலவை மாதந்தோறும் பலகையில் எழுதுதல் வேண்டும். ஜகாத் எண்வகையினர்க்கே உரியது. கட்டட நன்கொடையோடு அதனைக் கலத்தல் ஆகாது. பெறுவோர் பெயர் மட்டும் பலகையில் ஏறலாகாது. ஏழைக்கும் மானம் உண்டு.

மாணவர் கணக்கெழுதட்டும், பெரியோர் அதனைச் சரிபார்க்கட்டும், ஆசிரியராகிய நாம் முதல் பத்து ரூபாயை இடுவோம். நம்பிக்கை வளருமிடத்தில் நிதியும் வளரும்.