இல்லாத நூலுக்கு முகவுரை

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் அதற்கு அணிந்துரை, முகவுரை, புனைந்துரை முதலிய பல பெயர்களைத் தந்தார். தன்னைத் தானே புகழ்தல் தகாது ஆதலின், சிறப்புப் பாயிரத்தைப் பிறரே செய்தல் வேண்டும் என்பதும், அவர் நூலாசிரியனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் என்னும் நால்வருள் ஒருவராக இருத்தல் வேண்டும் என்பதும் அவர் வகுத்த முறை. இந்நால்வருக்கும் பொதுவான தகுதி ஒன்றுண்டு. அவர்கள் நூலையேனும் நூலாசிரியனையேனும் நன்கறிந்தவர்கள். பிற்காலத்தில் இவ்விதி நெகிழ்ந்தது. இப்பொழுது அணிந்துரைக்கு வேண்டிய தகுதி, எழுதுவோர் பெயருக்குப் பின்னால் நிற்கும் பட்டங்களின் நீளமே எனலாம்.

இதனைப் பிறரைக் குறை கூறும் நோக்கத்தோடு எழுதுகின்றேன் அல்லேன். என் குற்றத்தையே முதலில் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பரொருவர் தாம் இயற்றிய நூலின் அச்சுப்படியைக் கொணர்ந்து, ஒரு வாரத்துள் அணிந்துரை வேண்டும் என்றார். அது விடைத்தாள் திருத்தும் காலம். நான் பொருளடக்கத்தையும் முதல் இரண்டு பக்கங்களையும் பார்த்தேன். பின்னர், ‘ஆழ்ந்த ஆராய்ச்சி’, ‘தெள்ளிய நடை’, ‘தமிழுலகம் செய்த தவப்பயன்’ என எந்நூலுக்கும் பொருந்தும் சொற்களைக் கோத்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். சிறிது நுணுக்கமும் வேண்டுமே என்று கருதி, ‘ஆறாம் இயல் இந்நூலுக்கு மணிமுடி போன்றது’ என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தேன். நண்பர் மகிழ்ந்தார், நான் மறந்தேன்.

அடுத்த ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் அந்நூலுடன் வந்தான். விடுதிச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அதனை வாங்கியிருந்தான். “ஐயா, தாங்கள் முன்னுரை எழுதியிருப்பதைக் கண்டுதான் வாங்கினேன். ஆறாம் இயல் மிகச் சிறந்தது என்கிறீர்கள். நூலில் ஐந்து இயல்களே இருக்கின்றன. என் படியில் தாள்கள் விடுபட்டனவோ?” என்று வினவினான். அச்சுச் செலவைக் கருதி நண்பர் ஆறாம் இயலை நீக்கிவிட்டார் என்பதைப் பின்னர் அறிந்தேன். மாணவனுடைய ஐயம் தன் படியின்மேல் இருந்ததேயன்றி என்மேல் இல்லை. அதுவே என்னைச் சுட்டது.

நானும் அறியாமல், இல்லாத இயலுக்கு முகவுரை எழுதியிருந்தேன். இல்லாத நூல்களுக்கு அறிந்தே முகவுரை எழுதிய ஆசிரியர்கள் உளர் என்பது அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. அவர்களை வேடிக்கைக்காரர் என்று மட்டும் அதுவரை எண்ணியிருந்தேன். அவர்கள் என்னினும் நேர்மையாளர் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

முகவுரையை நகையாடும் வழக்கம் மேனாட்டில் பழமையானது. ஸ்பெயின் நாட்டுச் செர்வாண்டிஸ் 1605இல் ‘டான் குவிக்ஸோட்’டின் முதற்பாகத்தை வெளியிட்டபொழுது, புகழ்ப்பாக்கள் தருவதற்கு ஆளில்லாமல் வருந்துவதாகவும், அவற்றை நீயே எழுதி எவர் பெயரையேனும் சூட்டிவிடு என்று நண்பன் ஒருவன் அறிவுரை கூறுவதாகவும் முகவுரையில் எழுதினார். அவ்வாறே பழைய வீரக்கதை மாந்தர் அந்நூலைப் பாராட்டிப் பாடுகின்றனர். இறுதியில் இரண்டு குதிரைகள் தம்முள் உரையாடும் செய்யுளும் இருக்கின்றது! அர்ஜெந்தீனா நாட்டுப் போர்ஹெஸ் 1941இல் இன்னும் ஒருபடி சென்றார். சில நிமிடங்களில் சொல்லத்தக்க கருத்தை ஐந்நூறு பக்கமாக விரித்தல் வீண் உழைப்பு. அந்நூல் முன்னரே உள்ளதாகப் பாவித்து அதற்குச் சுருக்கமும் குறிப்பும் எழுதுவதே மேல் என்பது அவர் கருத்து.

இக்கலையை முழுமையாக்கியவர் போலந்து நாட்டு ஸ்தானிஸ்லாவ் லெம் (1921–2006) என்பவரே. அவர் 1971இல் இல்லாத நூல்களின் மதிப்புரைகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினார்; அதன் முதல் மதிப்புரை அத்தொகுதியைப் பற்றியதே. 1973இல் ‘கற்பனைக் கணியம்’ என்று பொருள்படும் பெயரோடு முகவுரைகளின் தொகுதி ஒன்றை வெளியிட்டார். முகவுரைத் தொகுதிக்கும் ஒரு முகவுரை உண்டு. நூல்களுக்கு ஏவல் செய்து கிடக்கும் முகவுரையை அடிமைத்தளையினின்று விடுவிப்பதே தம் நோக்கம் என்று அதில் முழங்குகின்றார்.

அம்முகவுரைகளுள் ஒன்று, நுண்கிருமிகளுக்கு ஆங்கிலம் கற்பித்த அறிஞர் ஒருவருடைய நூலுக்கு உரியது. தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பொறுக்கியெடுத்த கிருமிகள், தந்திக் குறிகளைப் போலப் புள்ளியும் கோடுமாக எழுதத் தொடங்குகின்றன. தாம் எழுதுவதன் பொருள் அவற்றுக்குச் சிறிதும் தெரியாது. இதைப் படித்தபொழுது என் மேசைமீதிருந்த விடைத்தாள் கட்டின்மேல் என் பார்வை சென்றது. என் அணிந்துரையின்மேலும் சென்றது. மற்றொரு முகவுரை, மனிதர் அல்லாமல் பொறிகளே இயற்றும் இலக்கியத்தின் வரலாற்றுக்கு எழுதப்பட்டது. 1973இல் இது வெறும் நகை. இன்று பொறிகள் கட்டுரை எழுதுவதை நம் மாணவர் நன்கறிவர். எவ்வளவு நன்கறிவர் என்பதை ஆசிரியர்களாகிய நாங்களும் ஒருவாறு அறிவோம்.

இத்தகைய முகவுரையின் சிறப்பு யாது? உண்மை நூலுக்கு முகவுரை எழுதுவோனுக்கு ஒளிந்துகொள்ள இடம் உண்டு. ‘நூலுள் கண்டுகொள்க’ என்று கூறித் தப்பலாம். இல்லாத நூலைப் பற்றி எழுதுவோனுக்கு அவ்விடம் இல்லை. நூலின் அளவு, அடைவு, ஆசிரியனுடைய போக்கு, படிப்போர் பெறும் பயன் ஆகிய அனைத்தையும் அவன் தானே எண்ணித் துணிதல் வேண்டும். பொதுச் சொற்களைத் தூவினால் அங்கு ஒன்றுமே எஞ்சாது. இல்லாத நூலுக்கு முகவுரை எழுதுவோன் அதன் இயல்கள் எத்தனை என்பதை அறிந்தே தீர வேண்டும். உள்ள நூலுக்கு எழுதிய நான் அதனை அறிந்திலேன்.

மாணவ நண்பர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். குறைபாடுகளைப் பொறுத்தருள்க.

“நாளை படிப்போம் (மூன்று தொகுதிகள்). இப்பெருநூலின் ஆசிரியர் மூன்றாண்டுப் படிப்பை ஐந்தாண்டு ஆழ்ந்து கற்ற பேரறிஞர். முதற்றொகுதி கால அட்டவணை வரையும் கலையை விரித்துரைக்கின்றது. மையின் நிறங்களைப் பற்றி மட்டும் எட்டு இயல்கள் உள்ளன. இரண்டாந் தொகுதி, அவ்வட்டவணையைக் கிழித்துவிட்டுத் திருத்தி வரையும் முறையைக் கூறும். படிக்கும் முறை மூன்றாந் தொகுதியில் இடம்பெறும். அது தேர்வு முடிந்தபின் வெளிவரும். இந்நூலை நான் இன்னும் படிக்கவில்லை. நாளை படிப்பேன்.”

இது பொய்யைப் பயிற்றுவது ஆகாதா என்று சிலர் வினவலாம். ஆகாது. எழுதுவோனும் அறிவான், படிப்போனும் அறிவான். ஏமாந்தவர் ஒருவரும் இலர். 300 ரூபாய் இழந்தவரும் இலர். இது சோம்பலை வளர்க்கும் என்பது மற்றொரு தடை. இதில் உண்மை உண்டு. முகவுரையோடு நின்று, நூலை எழுதியதாகவே மகிழ்ந்து திரியும் நோய் நம்மில் பலருக்கு உண்டு. ஆயினும், லெம் 1973இல் ஒரு பேரறிவுப் பொறியின் சொற்பொழிவுகளுக்கு எழுதிய முகவுரைப் பகுதி, 1981இல் விரிந்து தனி நூலாகவே வெளிவந்தது. நல்ல முகவுரை நூலைக் கேட்டு நச்சரிக்கும் போலும்.

ஆதலின் நம் மலரில் ஆண்டுதோறும் இரண்டு பக்கங்களை இவ்வகை முகவுரைகளுக்கு ஒதுக்குதல் வேண்டும் என்று பத்திராதிபரை வேண்டுகின்றேன். விதிகள் இரண்டு போதும்: ஒருவர் மனமும் புண்படலாகாது, நகை முதலில் எழுதுவோன்மேலேயே விழுதல் வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஒரு விதி கூறத் துணிகின்றேன்: உள்ள நூலாயின், கடைசித் தாள்வரை படித்த பின்னரே அணிந்துரை எழுதுக. நேரமில்லையேல், இல்லை என்க. நண்பர் ஒரு வாரம் முகம் கொடுக்கமாட்டார், பின்னர்ச் சரியாகிவிடும்.

அம்மாணவனிடம் நான் உண்மையைக் கூறிவிட்டேன். நூலின் விலையையும் எடுத்து நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை. சிறிது நேரம் தயங்கி நின்று, “ஆறாம் இயலில் என்னதான் இருந்திருக்கும், ஐயா?” என்று கேட்டான். மணிமுடி என்று நான் புகழ்ந்த இயல் அது. அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல என்னால் இயலவில்லை.